மருத மரத்தின் அடிப்பக்கம்

காட்டாற்றின் நடுத்திட்டில் மூக்கி என்ற காட்டுப்பன்றி தன் குட்டிகளோடு மாட்டிக்கொண்டாள். மலையில் மழை கொட்டித் தீர்த்ததில் தண்ணீர் கிடுகிடுவென ஏறியது. குட்டிகளின் வயிற்றை அது தொட்டுவிட்டது. தப்பிக்க ஒரே வழி, திட்டுக்கும் கரைக்கும் குறுக்கே விழுந்து கிடந்த மருத மரம்.

அதன் நடுவில் வாலப்பன் என்ற குரங்கு உட்கார்ந்து அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தான். அவனை யார் நியமித்தார்கள் என்று கேட்காதீர்கள். ஆபத்து என்று வந்துவிட்டால் இப்படி ஒருத்தன் எங்கிருந்தாவது முளைத்துவிடுவான்.

அதே திட்டில் மாட்டியிருந்த சடையன் கரடி முதலில் ஏறினான். நடுவுக்கு வந்ததும் அவன் கனத்தில் மரம் தொய்ந்தது. பயந்துபோய் அங்கேயே நின்றுவிட்டான்.

மரத்தின் அடியில் தொங்கிக்கொண்டிருந்த வௌவால் கத்தினாள். "கரடியண்ணே, நிக்காதீங்க! அடியில மரம் வாயைப் பொளக்குது!"

வாலப்பன் குனிந்து மேல்பக்கத்தைப் பார்த்தான். அங்கே குறுக்கே ஒரு பழைய வெடிப்பு இருந்தது. அதில் விரலை விட்டுப் பார்த்தான். நுழையவில்லை. அவன் முகம் மலர்ந்தது.

"காலையில இதுல என் விரல் முழுசா போச்சு. இப்ப நகம்கூட போகல. பாரம் ஏற ஏற மரம் இறுகுது, அவ்வளவுதான். சடையா, நீ அங்கயே நில்லு. மூக்கி, நீயும் குட்டிங்களைக் கூட்டிக்கிட்டு மொத்தமா ஏறு."

"அப்ப வௌவால் சொல்றது?" என்றாள் மூக்கி.

"அவ தலைகீழா தொங்குறவ. மூடுறது அவளுக்குத் திறக்கிற மாதிரிதான் தெரியும்."

சரியான பேச்சாகத்தான் பட்டது. மூக்கி மரத்தில் காலை வைத்தாள். குட்டிகள் முட்டிமோதிக்கொண்டு பின்னால் வந்தன. கால் வைத்த இடம் நடுங்கியதும் அவள் அப்படியே நின்றாள். ஏறினால் மரம் என்ன ஆகுமோ, நின்றால் தண்ணீர் பிள்ளைகளை விடாது. பெற்றவள் என்னதான் செய்வாள்?

அந்த நேரத்தில் அவளுக்கு மூங்கில் குருத்து நினைவுக்கு வந்தது. அவள் தினம் மூக்கால் வளைத்து ஒடித்துத் தின்கிற குருத்துதான். வளைக்கும்போது அதன் உள்பக்கம் நெருங்கிச் சுருங்கும். வெளிப்பக்கம் இழுபட்டு நார் நாராகக் கிழியும். ஒரு பக்கம் சுருங்கினால் மறுபக்கம் கிழிகிறது என்றுதான் அர்த்தம். அப்படியானால் குரங்கு பார்த்ததும் நிஜம், வௌவால் பார்த்ததும் நிஜம். மேலே வெடிப்பு மூடியதே அடியில் பிளக்கிறது என்பதற்குச் சாட்சி!

அவள் காலைப் பின்னுக்கு இழுத்தாள். கரடியோடு விவாதம் பண்ண நேரமில்லை.

"அண்ணே, என் குட்டிங்க மிரளுது. நீங்க அக்கரையில நின்னு கூப்பிட்டாத்தான் தைரியமா வரும். எனக்காகப் போங்கண்ணே."

தன்னையும் நம்பி ஒருத்தி கேட்டதில் சடையனுக்குக் கால் வந்தது. தட்டுத்தடுமாறிக் கரை ஏறினான். தொய்ந்திருந்த மரம் கொஞ்சம் நிமிர்ந்தது.

"வௌவாலு, இப்ப எப்படி இருக்கு?"

"பாதி நாரு இன்னும் பிடிச்சிருக்கு அக்கா. ஒவ்வொண்ணா அனுப்புங்க. நடுவுல வேற யாரும் நிக்கக் கூடாது."

ஒன்று போனது. அது கரை சேர்ந்ததும் அடுத்தது. கடைக்குட்டி நடுவழியில் திரும்பி அம்மாவைப் பார்த்தது. "பார்க்காத, ஓடு" என்று அதட்டினாள் மூக்கி. அதுவும் போய்ச் சேர்ந்தது. கடைசியாக அவள் ஏறினாள். காலடியில் படபடவென்று நார் அறுகிற சத்தம் கேட்டது. நிற்காமல் ஓடிப்போய்க் கரையில் விழுந்தாள். குட்டிகள் அவள் மேல் ஏறிப் புரண்டன.

வௌவாலும் பறந்து வந்துவிட்டாள். "வாலப்பா, இனிமே தாங்காது. நீயும் வந்துடு" என்று அழைத்தாள்.

வாலப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை பேர் நடந்தீங்க, என்ன ஆச்சு? பயந்தாங்கொள்ளிகளா, பாருங்க இப்ப!" என்று நடுமரத்தில் குதித்தான். மறுபடியும் குதித்தான்.

மூன்றாவது தடவை மரம் இரண்டாகப் பிளந்தது. செந்தண்ணீர் அவனைச் சுருட்டிக்கொண்டு போனது. சடையன் கரையோரமாக ரொம்ப தூரம் ஓடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

பாரம் தாங்குமா என்று மேலே உட்கார்ந்திருப்பவனைக் கேட்காதே, அடியில் இருப்பவனைக் கேள்.