காட்டுப் பாதையில் இரும்பு முள்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றும் எனக்கு வம்பு வரக்கூடிய ஒரு நாட்டில், எல்லோருக்கும் பொதுவாக ஒரு காடு இருந்தது. ஊருக்கு விறகும் தேனும் அங்கிருந்துதான். அந்தக் காட்டுப் பாதையில் யாரோ சருகுக்கு அடியில் இரும்பு முள் புதைத்துவிட்டார்கள். மிதித்த விறகுவெட்டி ஒருவன் கால் அழுகிச் செத்தான். பிறகு அந்தப் பக்கம் போக எவருக்கும் துணிவில்லை. ஊரில் அடுப்பு எரியவில்லை.

அரசன் கொதித்தான். "முள் புதைத்தவனின் காலை வெட்டுங்கள்!"

வனக்காவல் தலைவர் கடம்பராயர் சட்டென்று கைகூப்பினார். "அரசே, தேனுக்காகத் தினமும் காட்டுக்குப் போகிறவன் நம் விகடகவி விடங்கன்தான். வேறு யார்?"

விடங்கன் மேல் அவருக்கு வெகுநாளாகப் பொறாமை. அரசனோ யோசிக்கிற ரகமில்லை. "விடங்கா, நாளை மாலைக்குள் குற்றவாளியைக் காட்டு. இல்லையேல் உன் கால்!"

அன்றிரவு விடங்கனுக்கு ஒரு கவளம் சோறுகூட இறங்கவில்லை.

மறுநாள் காட்டம்மனுக்குப் பொங்கல். அரசனே ஆனாலும் காட்டெல்லையில் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பாதை வழியேதான் கோயிலுக்கு நடக்க வேண்டும்.

"வழக்கத்தை விட்டால் அம்மன் பொறுப்பாளா, அரசே? சபையோரும் வரட்டும்" என்றான் விடங்கன். அரசன் பயந்துபோய்த் தலையாட்டினான்.

பாதையில் சருகு சலசலத்தபோதெல்லாம் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. அமைச்சர்கள் தரையைத் தடவித் தடவிக் கால் வைத்தார்கள். விடங்கனுக்கும் உள்ளூர நடுக்கம்தான். கடம்பராயர் மட்டும் விறுவிறுவென்று நடந்தார். புளியமரத்தடியில் ஒரு தாண்டு தாண்டினார். புற்றருகே சற்று விலகிப் போனார்.

"நில்லும் ஐயா! எதைத் தாண்டினீர்?" விடங்கன் ஓடிப்போய்ச் சருகை விலக்கினான். வெறும் மண். "விடியலில் நானும் விறகுவெட்டிகளும் கோலால் குத்திப் பார்த்து, அகப்பட்ட முள்ளையெல்லாம் எடுத்துவிட்டோம். இங்கே முள் இருந்தது எடுத்த எங்களுக்குத் தெரியும், புதைத்தவனுக்குத் தெரியும். உமக்கு எப்படித் தெரிந்தது?"

கடம்பராயர் அரசன் காலில் விழுந்தார். திருட்டுத்தனமாகச் சந்தனமரம் வெட்ட, ஜன நடமாட்டம் அவருக்கு இடைஞ்சலாக இருந்ததாம்.

அரசன் வாளை உருவினான்.

"காலை வெட்டிவிட்டால் எப்படி, அரசே? தினமும் இந்தப் பாதையில் மக்களுக்கு முன்னால் இவர் வெறுங்காலோடு நடக்க வேண்டாமா?" என்றான் விடங்கன்.

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டான். பிறகுதான் ஏதோ உறைத்தது. "அகப்பட்ட முள்ளை என்றாயே. எல்லாமும் அகப்பட்டதா?"

"அது தெரியாது, அரசே."

அரசன் தன் காலைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. திரும்பும்போது கடம்பராயர்தான் முன்னால் போனார், முழங்காலிட்டு, ஒவ்வொரு சருகாக விலக்கிக்கொண்டு.

அன்று மாலை ஊரில் அடுப்புகள் புகைந்தன. விடங்கன் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான்.