தில்லைமணி டவர்ஸ் நிமிர்ந்த கதை

பில்டர் தில்லைமணிக்கு வாய் நீளம். பத்து மாடியைப் படமெடுக்க வந்த பிலோமினாவிடம், வீடு வாங்க வந்தவர்கள் முன்னாலேயே உறுமினார்: "படத்துல கட்டடம் இம்மி சாய்ஞ்சாலும் கேமராவை உடைச்சிருவேன்!"

அண்ணாந்து எடுத்தால்தானே சாயும்? அவளிடம் டில்ட்-ஷிப்ட் லென்ஸ் இருந்தது. கேமராவை மட்டமாக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி எடுத்தாள். கேமராத் திரையை எல்லோருக்கும் காட்டினாள். மின்கம்பம் நேர், வாசலில் நின்ற தில்லைமணியும் நேர். கட்டடம் மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"ஓட்டை லென்ஸ்! நிமிர்த்தும்மா!"

"நிமிர்த்திட்டாப் போச்சு சார்." கேமராவை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து எடுத்தாள். கட்டடம் ஜம்மென்று நின்றது. வாசலில் தில்லைமணி, கள்ளுக்கடையிலிருந்து வந்தவர் மாதிரி சரிந்திருந்தார்.

"யார் சாயணும் சார்? கட்டடமா, நீங்களா?"

பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. வீடு வாங்க வந்தவர்கள் அதற்குள் எதிர்த்தெருவில் நின்றார்கள், கட்டடம் விழாத பக்கமாக.