பல்லி வாயில சுண்ணாம்பு விழுந்த கதை

பல்லி சுத்தமா தமிழ் பேசுன காலம் ஒண்ணு இருந்துச்சு. ஆனா தானா பேசாது, கேட்டாத்தான் பேசும். மாடு வாங்கலாமா, பொண்ணு குடுக்கலாமா, எதுன்னாலும் ஜனங்க சுவத்தப் பாத்துத்தான் கேப்பாங்க. பல்லியும் கேக்குறவங்க மூஞ்சியப் பாத்து, அவங்களுக்கு எது இனிக்குமோ அதச் சொல்லும்.

தேரிக்காட்டு ஓரத்துல பனையேறிங்க ஊரு ஒண்ணு. மேலத்தெரு, கீழத்தெரு, அவ்வளவுதான் ஊரே. எல்லாரும் கிறிஸ்தவ வேதத்துல சேந்து ஒரு வருசம் ஆச்சு. ஆனா சர்ச்சு இல்ல. வேப்பமரத்தடியிலதான் ஜெபம், பள்ளிக்கூடம், எல்லாம். ரெண்டையும் நடத்துனவரு உபதேசியார் மாசிலாமணி. அவரு ஒருநாள் சொன்னாரு.

"அறுப்புப் பண்டிகைக்குப் பெரிய பாதிரி ஐயர் வாராவ. அதுக்குள்ள கூரை போட்ட கோயில் ஒண்ணு நிக்கணும். இல்லன்னா என்னைய வேற ஊருக்கு மாத்திருவாவ. பள்ளிக்கூடமும் போயிரும்."

"எந்தத் தெருவுல கட்ட?"

"ஜெபிச்சுக் கேளுங்க."

மேலத்தெரு ஞானப்பழம் முழங்கால் போட்டாரு. ஒரு கண்ண மூடுனாரு. இன்னொரு கண்ணு சுவத்துல. "ஏ பல்லி, எங்க தெருதான?"

"சந்தேகமா அண்ணாச்சி? உங்க தெருதான்."

அதே பல்லி கீழத்தெரு எஸ்தரம்மா வீட்டுக்கு ஓடுச்சு. அங்கயும் முழங்கால், அங்கயும் ஒத்தக் கண்ணு.

"வேற எங்கக்கா? உங்க தெருதான்."

பல்லிக்கு ஒரு கணக்கு. ரெண்டு கோயில் வந்தா ரெண்டு விளக்கு. ரெண்டு விளக்குக்கும் பூச்சி வரும்லா!

மறுநாளே மேலத்தெரு ஊருல கெடந்த கல்லையெல்லாம் அள்ளிட்டுப் போச்சு. கீழத்தெரு பனங்கட்டையும் ஓலையும் அள்ளிட்டுப் போச்சு. பண்டிகைக்கு முந்தின நாள் பாத்தா, மேலத்தெருவுல சுவரு நிக்கி, கூரை இல்ல. கீழத்தெருவுல கூரை நிக்கி, சுவரு இல்ல.

ஞானப்பழம் சுவத்துக்குச் சுண்ணாம்பு பூசிக்கிட்டிருந்தாரு. எஸ்தரம்மா வந்து ஏசிக்கிட்டிருந்தா. உபதேசியார் நடுவுல வந்து நின்னாரு.

"யாருவே இங்க கட்டச் சொன்னது?"

"கர்த்தர் சொன்னாரு."

"எங்கிட்டயும் அவருதான் சொன்னாரு," ன்னா எஸ்தரம்மா.

"ஆளுக்கு ஒண்ணாவா சொன்னாரு?"

ரெண்டு பேரு கண்ணும் மெதுவா மேல போச்சு. உபதேசியாரு கண்ணும் கூடவே போச்சு. சுவத்து உச்சியில பல்லி.

"நீயா சொன்ன?"

கேட்டா சொல்லித்தானே ஆகணும்? "ஆமா ஐயா. இது மட்டுமா? காணிக்கைக்கு எந்தக் கோழியக் குடுக்கன்னு ஞானப்பழம் அண்ணாச்சி கேட்டாவ. சீக்குக் கோழியக் குடுங்கன்னேன், குடுத்தாவ. அப்புறம் எஸ்தரக்கா..."

"வாய மூடு சனியனே!"

ஞானப்பழம் கையில இருந்த சுண்ணாம்ப வீசுனாரு. பொத்! நேரா வாயில. உடம்பெல்லாம் வெள்ளை. பல்லி வாயத் தொறந்து பாத்துச்சு.

"ச்சு."

மறுபடி தொறந்துச்சு. "ச்சு, ச்சு." அதுக்கு மேல வரல.

உபதேசியார் துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. "சரி. நான் போய் மூட்டையக் கட்டுதேன்."

எஸ்தரம்மா சுவத்தப் பாத்தா. பல்லியப் பாத்தா. அது என்னத்தச் சொல்லும்? சேலைய இழுத்துச் சொருகுனா.

"என்னத்துக்கு மூட்டை? சுவத்தத் தூக்க முடியாது. கூரையத் தூக்கலாம்லா? ஏ அண்ணாச்சி, கையக் கழுவிட்டு வந்து ஒரு மூலையப் பிடியும்."

ரெண்டு தெருவும் சேந்து கூரையத் தூக்கியாந்து சுவத்து மேல வச்சுது. கெழக்குப் பக்கம் மட்டும் நாலு முழம் நீட்டிக்கிட்டு நின்னுச்சு.

"வெட்டிருவமா?" ன்னாரு ஞானப்பழம்.

"எங்க கூரை. வெட்டித்தான் பாருமே!"

வெட்டல. பெரிய ஐயர் வந்தாரு, பாத்தாரு. "கூரை ஏன் இப்படி நீட்டிக்கிட்டு நிக்கி?" ன்னு கேட்டாரு. ஊரே தரையப் பாத்துச்சு. உபதேசியார் மட்டும் இருமுனாரு. ஆனாலும் பெரிய ஐயர் கோயிலத் தொறந்து வச்சுட்டுத்தான் போனாரு. பள்ளிக்கூடமும் நின்னுச்சு.

பல்லி வெள்ளையாப் போனதும், "ச்சு" தவிர ஒண்ணும் பேசாததும் அன்னையில இருந்துதான். பிரசங்கத்துக்கு நடுவுல அது "ச்சு" ன்னா சபை மொத்தமும் மேல பாத்துட்டு, பாக்காத மாதிரி வேதப்புத்தகத்தப் புரட்டுதே, அதுவும் அன்னைக்கு ஆரம்பிச்சதுதான்.