வெடிக்காத துப்பாக்கியின் காயம்

பூவாற்றூர் ராஜா இருளப்ப பூபதிக்கு ஒரு குணம். புதிதாக எது கையில் கிடைத்தாலும் அதை ஊருக்கே கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு வருஷம் குடை கொடுத்தார். மறு வருஷம் மூக்குப்பொடி. ஊரே தும்மி ஓய்ந்திருந்த சமயத்தில் ஒல்லாந்து வியாபாரி ஒருவன் பெட்டி பெட்டியாகக் கைத்துப்பாக்கிகளைக் கொண்டுவந்து இறக்கினான்.

அதே வாரம் அரண்மனைக் கலாசாலையின் சமையல்கட்டில் திருடன் புகுந்து பாயச உருளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். தளபதி வீரமல்லுவுக்கு இது போதாதா?

"மாணவர்கள் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் உருளி போயிருக்குமா, மகாராஜா?" என்று மீசையை முறுக்கினார்.

ராஜா தலையாட்டினார். மறுநாளே சோதிடம் படிக்கிறவன், மருத்துவம் படிக்கிறவன், யாப்பு படிக்கிறவன் என எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி ஏறியது. வெண்பாவில் தளை தட்டுகிறவனும் தோட்டாவோடு திரிந்தான்.

கலாசாலையின் பொறுப்பு சபையின் சாதுர்யக்காரரான சடகோபரிடம் இருந்தது. அவருக்கு அந்த இடம் உயிர். ஆசிரியர்கள் வகுப்பில் குரலைத் தாழ்த்திப் பேசுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வருஷம் பொறுத்தார். ஆண்டுத் தேர்வு நெருங்கியதும் ராஜாவிடம் போய் நின்றார்.

"மகாராஜா, துப்பாக்கியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். எல்லாருக்கும் அடிபடுகிறது."

"அடியா? இதுவரை ஒரு குண்டாவது வெடித்ததா?"

"இல்லை."

"ஒரு சிராய்ப்பாவது உண்டா?"

"அதுவும் இல்லை."

தளபதி வயிறு குலுங்கச் சிரித்தார். ராஜாவுக்கும் குறும்பு வந்துவிட்டது. "சரி சடகோபா. வெடிக்காத துப்பாக்கியால் பட்ட காயம் ஒன்றை எனக்குக் காட்டு. தேர்வு முடிவதற்குள் காட்டாவிட்டால் கலாசாலை இனி தளபதியின் பொறுப்பு."

சடகோபர் "ஆகட்டும்" என்று வந்துவிட்டார்.

அந்தக் கலாசாலையில் வகுப்பிலும் தேர்விலும் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியரின் பக்கத்தில் வெண்கல மணி ஒன்று இருக்கும். மாணவன் தப்பாகச் சொன்னாலும் செய்தாலும் ஆசிரியர் மணியை அடிப்பார். அடித்தால் மாணவன் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். போன வருஷங்களில் அந்த மணிச் சத்தத்தில் ராஜாவுக்குத் தலைவலியே வந்திருக்கிறது.

இந்த வருஷம் மணி மூச்சுவிடவில்லை. பௌர்ணமியன்று சூரிய கிரகணம் வரும் என்றான் சோதிட மாணவன். ஆசிரியர் மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"பார்த்தீர்களா மகாராஜா, ஒருவன்கூடத் தவறவில்லை!" என்றார் தளபதி. சொல்லும்போதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளாக அவருக்குப் பல்வலி.

சடகோபர் அதைப் பார்த்தார். "அடுத்து மருத்துவம், மகாராஜா. வழக்கப்படி நிஜ நோயாளி ஒருவர் வேண்டும். தளபதியாருக்குத்தான் பல்வலி இருக்கிறதே? தேறிய மாணவன் கையால் பிடுங்கிக்கொண்டால் கலாசாலைக்கே பெருமை."

தளபதியால் எப்படி மறுக்க முடியும்? ஒருவன்கூடத் தவறவில்லை என்று இப்போதுதானே சொன்னார்! இடுப்பில் தன் துப்பாக்கியோடு கம்பீரமாகப் போய் ஆசனத்தில் சாய்ந்தார். "வலது பக்கம், கடைசிப் பல்" என்றார். மருத்துவ மாணவன் செவ்வந்தியப்பன் அவர் வாயில் மரக்கட்டையைச் செருகித் திறந்து வைத்தான். பிறகு குறடோடு எதிரே வந்து நின்று, தன் வலது கைப் பக்கமாகக் குனிந்தான்.

எதிரே நிற்பவனின் வலது, நோயாளிக்கு இடது. செவ்வந்தியப்பன் வருஷம் முழுக்கச் செய்துவந்த தப்பு இது. ஒருவரும் அவனைத் திருத்தவில்லை.

ஆசிரியர் ஆராவமுதர் பதறிப்போனார். கை மணியை நோக்கிப் போயிற்று. அப்போது குனிந்திருந்த செவ்வந்தியப்பனின் இடுப்பில் துப்பாக்கி ஆடியது. அவர் கை அப்படியே திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

"ஆ! ஆ!" என்று கத்தினார் தளபதி.

"கொஞ்சம் பொறுங்கள் ஐயா, வலி இப்போது போய்விடும்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு ஒரே இழுப்பாக இழுத்தான் மாணவன்.

நல்ல பல். சொத்தையே இல்லை. தட்டில் முத்தைப் போல விழுந்தது.

மரக்கட்டையைத் துப்பிவிட்டுத் தளபதி அலறினார். "அட பாவி, அந்தப் பக்கம் இல்லையடா!"

ராஜா ஆசிரியர் பக்கம் திரும்பினார். "ஆராவமுதரே, இவன் பக்கம் மாறிப் போனது உமக்குத் தெரியவில்லையா?"

"தெரிந்தது, மகாராஜா."

"பின்னே ஏன் மணி அடிக்கவில்லை?"

"தை மாதம் ஒருநாள் வகுப்பில் இவனுக்கு மணி அடித்தேன். இவன் துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தான்."

"ஐயோ, மடியில் சுண்டல் வைத்திருந்தேன் மகாராஜா! அதை எடுக்கத்தான்..." என்றான் செவ்வந்தியப்பன், அழாத குறையாக.

"சுண்டலுக்குத்தான் என்று எனக்கும் தெரியும். நல்ல பையன். ஆனால் எனக்கும் குடும்பம் இருக்கிறதே, மகாராஜா? அன்றிலிருந்து இவன் சொன்னதெல்லாம் எனக்குச் சரிதான்."

சடகோபர் தட்டை இரண்டு கையாலும் எடுத்து ராஜாவின் முன்னால் பணிவாக நீட்டினார்.

"கேட்டீர்களே மகாராஜா, காயம். குண்டு வெடிக்கவில்லை. வெடிமருந்துகூட எரியாமல் அப்படியே இருக்கிறது."

ராஜா பல்லைப் பார்த்தார். தளபதியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வீரமல்லு, நீர் என்ன சொல்கிறீர்?" என்றார்.

தளபதிக்கு இப்போது இரண்டு கன்னமும் வீங்கியிருந்தன. கெட்ட பல் இன்னும் உள்ளேயே இருந்து குத்தியது. செவ்வந்தியப்பனோ செய்த தப்பைச் சரிசெய்துவிடும் ஆவலோடு மறுபடியும் குறடைத் துடைத்துக்கொண்டு நெருங்கினான். தளபதி ஆசனத்தோடு பின்னால் நகர்ந்தார்.

"முதலில் அவன் இடுப்பிலிருந்து அந்தச் சனியனை உருவுங்கள்!" என்று கத்தினார். "அப்புறம் அந்த மணியை ஆசிரியரின் கையிலேயே கொடுங்கள்!"

இருளப்ப பூபதி கண்ணில் நீர் வரச் சிரித்தார். கலாசாலை சடகோபரிடமே இருந்தது, அவர் தோள்மீது ஒரு பட்டுச் சால்வையும் ஏறியது. அன்று மாலைக்குள் எல்லாத் துப்பாக்கியும் கொத்தளத்துக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் போனது தளபதியுடையது.