ஒரு நானுக்கு ஓராண்டு

எந்த நூற்றாண்டு என்று கேட்கக் கூடாது. நெடுங்காலத்துக்கு முன்பு கொன்றைநாட்டைச் செண்டலங்காரன் என்ற அரசன் ஆண்டுவந்தான். பசி வந்தால் சட்டம் போடும் பழக்கம் அவனுக்கு. ஒருநாள் காலை வெளியூர் வணிகன் ஒருவன் சபைக்கு வந்து தன்னை அறிமுகம் செய்யத் தொடங்கினான். நான் பிறந்த ஊர், நான் கண்ட கனவு, நான் கடந்த ஏழு ஆறுகள் என்று உச்சிவேளை தாண்டியும் நீண்டது. கடைசியில் அவன் விற்க வந்தது சல்லடை. அதற்குள் அரசனின் சோறு ஆறிப்போயிருந்தது.

அன்றே முரசறைந்தார்கள். இனிச் சபைக்கு வருகிறவன் 'நான்' இல்லாமல் தன்னைத் தெரியப்படுத்த வேண்டும். தெரியப்படுத்தாமல் திரும்பிப் போகவும் கூடாது. ஒவ்வொரு நானுக்கும் ஓராண்டுச் சிறை. எண்ணும் பொறுப்பு அரண்மனை இலக்கணப் புலவரான அகளங்கப் பண்டிதருக்கு.

இலக்கணம் கற்றவரிடம் அந்த வேலையைக் கொடுத்ததுதான் ஆபத்தாயிற்று. 'வந்தேன்' என்ற நெசவாளியை அவர் விடவில்லை. கடைசியில் நிற்கும் 'ஏன்' தன்மை விகுதி, அதற்குள் நான் ஒளிந்திருக்கிறது என்றார். 'அடியேன்' என்றவனிடம், அது முக்காடு போட்ட நான் என்றார். ஒருவன் தன் பெயரை மட்டும் சொன்னான். பெயரைவிடப் பெரிய நான் உண்டா என்று அவனுக்கும் ஒரு விரலை மடக்கினார். முதல் இரண்டும் இலக்கணப்படி சரிதான். மூன்றாவது வெறும் பொல்லாத்தனம். இரண்டு வாரத்தில் பதினொரு பேர் சிறைக்குள் இருந்தார்கள்.

பன்னிரண்டாவதாக வந்தவன் நல்லாண்டி, சங்கிலி செய்யும் கொல்லன். அரண்மனைச் சங்கிலி வேலை முழுவதும் பண்டிதரின் மைத்துனன் கைக்குப் போய்விட்டதால், நல்லாண்டியின் உலை அணைந்து ஒரு மாதம் ஆயிற்று. ஆறு குடும்பங்கள் அந்த உலையை நம்பியிருந்தன. அதனால்தான் சிறைக்குப் பயந்தாலும் வேலை கேட்டு வந்தான். பண்டிதருக்கு அவனைத் தெரியும். வா அப்பா, எத்தனை ஆண்டு வேண்டும் என்று கேட்டுப் பத்து விரல்களையும் விரித்துக்கொண்டார்.

சபையே நல்லாண்டியின் உதட்டைப் பார்த்தது. அவனோ தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அரசே, தாங்கள் உடனே எழுந்து இந்தப் பக்கம் வர வேண்டும்."

அரசனைச் சிம்மாசனத்தை விட்டு எழச் சொல்வதா? காவலரின் கை வாளுக்குப் போயிற்று. பண்டிதர் அந்த வாக்கியத்தை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார். அதில் நான் இல்லை.

"எதற்கு?" என்றான் அரசன். குரல் தாழ்ந்திருந்தது, அது கெட்ட அறிகுறி.

"தங்கள் தலைக்கு மேலே நூற்றெட்டுத் திரி எரியும் விளக்கு தொங்குகிறது. காற்றில் ஆடும்போதெல்லாம் சங்கிலி முனகுகிறது. வளையத்தின் ஒட்டு சரியாகப் பற்றியிருந்தால் கண்ணி முனகாது. ஏதோ ஒரு கண்ணி வாய் திறந்துகொண்டிருக்கிறது."

எல்லோரும் காதைத் தீட்டினார்கள். ஒரு முனகல் கேட்டது, அல்லது கேட்டதுபோல் இருந்தது.

பண்டிதர் சிரித்தார். "பயம் காட்டி வேலை பிடிக்கப் பார்க்கிறான், அரசே. சங்கிலிக்கு ஒரு குறையும் இல்லை."

"அப்படியானால் விளக்கை இறக்கும்வரை பண்டிதரே அதன் கீழே நிற்கட்டுமே," என்றான் நல்லாண்டி.

அரசன் திரும்பிப் பார்த்தான். பண்டிதர் நகரவில்லை. மைத்துனன் உடைந்த வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை உருக்கி அடித்த சங்கிலி அது என்று அவருக்குத் தெரியும். முழங்காலில் வாயு என்றார். நாளும் சரியில்லை என்றார். அவர் அடுத்த காரணத்தைத் தேடுவதற்குள் அரசன் படியிறங்கிவிட்டான். முடிசூடிய நாளிலிருந்து அவன் அவ்வளவு வேகமாக எழுந்ததில்லை.

நான்கு பேர் கப்பியில் விளக்கை மெல்ல இறக்கினார்கள். ஆள் உயரத்துக்கு வந்தபோது கண்ணி ஒன்று பிரிந்தது. விளக்கு சிம்மாசனத்தின் மேலேயே விழுந்து கைப்பிடியை முறித்தது.

முறிந்த கைப்பிடியை அரசன் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு, "யார் நீ?" என்றான்.

நல்லாண்டி வாயைப் பொத்தியபடி, சட்டம் அங்கே நிற்கிறது என்பதுபோல் பண்டிதரைக் கண்ணால் காட்டினான்.

"நான் கேட்கிறேன், சொல்."

இரண்டு வாரப் பழக்கம். பண்டிதரின் விரல்கள் தாமாகவே மடங்கின. 'நான்', ஒன்று. 'கேட்கிறேன்', இரண்டு. அரசன் அதைப் பார்த்துவிட்டான்.

"எனக்கு இரண்டு ஆண்டா, பண்டிதரே?"

'எனக்கு' என்பதற்குரிய மூன்றாவது விரல் பாதி மடங்கி நின்றது.

அரசன் அப்போதுதான் சிரித்தான். சட்டம் அங்கேயே ரத்தாயிற்று. சிறை திறந்தது. மைத்துனனின் வேலை போயிற்று. பண்டிதர் அந்தப் பதினொரு வீடுகளுக்கும் நடந்தே போய், வாசலில் நின்று, "பிழை செய்தவன் நான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. விகுதியில் ஒளிக்கக் கூடாது. முழுச் சொல்லாகவே சொல்ல வேண்டும்.

பிறகு அரசன் கொல்லன் பக்கம் திரும்பினான். "இப்போது பயமில்லாமல் சொல்."

"நான் நல்லாண்டி, அரசே. என் தொழில்..."

"தொழிலை நீ அப்போதே சொல்லிவிட்டாய். பெயர் மட்டும்தான் பாக்கியிருந்தது," என்றான் அரசன். "போய் உலையை மூட்டு."