துடியனுக்குக் காவல் வந்த கதை

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமா பேசின? கணிப்பொறிக்குள் கிடந்த சில்லும் கம்பியும்கூடப் பேசின. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வரட்டும், நான் காத்திருக்கிறேன். ஒரு பொறியின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு ஊர் மாதிரியேதான் இருக்கும். பச்சைத் தரை, அதன்மேல் செம்புக் கோடுகளாய் ஓடுகிற தெருக்கள், ஓரமெல்லாம் சின்னச் சின்ன வீடுகள். நடுவில் ஒரு மேடு. அந்த மேடு நெஞ்சு மாதிரித் துடித்துக்கொண்டே இருக்கும். இப்போது அதற்குப் பிராசஸர் என்று பெயர். அப்போது மேடு என்று சொன்னாலே எல்லோருக்கும் புரிந்தது.

அந்த மேட்டில் இருந்துகொண்டு ஊரை நடத்தியவள் கருவாயி. கெர்னல் என்கிறார்களே, அது அவள்தான். யார் வேலை செய்ய வேண்டும், யார் ஒதுங்கி நிற்க வேண்டும், தூங்குகிறவர்களை எப்போது எழுப்ப வேண்டும், எல்லாம் அவள் சொல்படி. ஊரில் யார் வேண்டுமானாலும் தூங்கலாம், கருவாயி மட்டும் தூங்கவே மாட்டாள் என்று பேச்சு. அவளும் தன்னைப் பற்றி அப்படித்தான் நம்பியிருந்தாள்.

பொறி இருந்த இடம் நாமக்கல் பக்கம், கோழிமுட்டையை அடைகாத்துக் குஞ்சு பொரிக்கிற ஒரு கொட்டகை. தாய்க்கோழி அடையில் உட்கார்ந்தால் முட்டையை அலகால் திருப்பிக்கொண்டே இருக்கும். கொட்டகையில் தாய்க்கோழி ஏது? தட்டுத் தட்டாய் அடுக்கிய முட்டைகளை மணிக்கொரு தரம் பொறிதான் சாய்த்துக் கொடுக்க வேண்டும். சாய்க்க மறந்தால் உள்ளே இருக்கிற கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே அந்த ஊரில் துயிலி என்று ஒருத்தி இருந்தாள். எழுப்பினால் எழுந்து தட்டைச் சாய்ப்பாள், சாய்த்ததும் படுத்துவிடுவாள். அவள் தூக்கம் முழுக்க முட்டைகள்தான். ஓட்டுக்குள் யாரோ நீந்துகிற மாதிரி, வெதுவெதுப்பான ஒரு மழை வெளியே பெய்கிற மாதிரியெல்லாம் கனவு வரும். படுக்கும் முன் ஒவ்வொரு தரமும் ஒன்றையே சொல்வாள்.

"அக்கா, நேரத்துக்கு எழுப்பி உட்ருங்க."

"எழுப்பாம எங்க போவேன்? நீ படு சாமி," என்பாள் கருவாயி.

கருவாயிக்கு யார் பொழுது சொன்னது? அதற்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவன் துடியன். மேட்டின்மேலேயே கருவாயியின் பக்கத்தில் குடியிருந்தான். மேடு துடிக்கிற ஒவ்வொரு துடிப்பையும் எண்ணுவது அவன் வேலை. மணி என்ன என்று கேட்டு வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும். கண்ணிமைக்கிற நேரத்தைக்கூட ஆயிரம் கூறு போட்டுச் சொல்லுவான், அவ்வளவு பொடி எண்ணிக்கை.

இன்னொருத்தி பளிங்கி. அவள் வீடு ஊரின் கோடியில், ஒரு குறுகலான பாலத்துக்கு அப்பால். அவள் மடியில் ஒரு பளிங்குக்கல். அது தானாகவே ஒரே சீராக நடுங்கும், அந்த நடுக்கத்தை எண்ணுவாள். மேடு ஓடினாலும் உட்கார்ந்தாலும் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டுமென்றால் பாலம் தாண்டிப் போக வேண்டும், அவள் வாய் திறக்கும் வரை நிற்க வேண்டும், திரும்பி வர வேண்டும். கருவாயிக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. பொழுது சொல்கிற மணையில் துடியனை உட்கார வைத்தாள். அவன் மேல் அவளுக்குப் பிரியமும் உண்டு, அதை மறைப்பானேன்.

ஐப்பசி மழை பிடித்தது. கொட்டகைக்கு ஆள் வரத்து குறைந்தது. பொறியிடம் அதைக் கொண்டா இதைக் காட்டு என்று கேட்க ஒருவரும் இல்லை. மேட்டுக்கு ஒரு வழக்கம், வேலை குறைந்தால் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் துடிப்பை மெதுவாக்கிக்கொள்ளும். வேலையே இல்லை என்றால் கொஞ்சம் கண்ணசந்துவிடும். அசந்தது என்று யாருக்கும் தெரியாது. மேட்டைச் சேர்ந்தவர்கள் எங்கே நின்றாலும் அவர்களும் அப்படியே அசந்துவிடுவார்கள், விழிக்கும்போது சேர்ந்தே விழிப்பார்கள்.

ஒருநாள் துயிலி எழுந்து தட்டுகளைச் சாய்த்துவிட்டு, வழக்கம்போல் படுக்காமல் கருவாயியிடம் வந்தாள்.

"அக்கா, நேரங்கழிச்சு எழுப்பறீங்களோன்னு இருக்குது."

"துடியன் சொன்ன நேரத்துக்குத்தானே எழுப்பினேன்."

"மேல்தட்டு மூலையில கருவெல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சு கெடக்குதுங்க. எனக்குப் பயமா இருக்குது."

கருவாயி துடியனைப் பார்த்தாள். அவனுக்கு முகம் சுண்டிப்போனது.

"ஒரு துடிப்பு உட்ருந்தேன்னா என் பேரை மாத்திக்கறனுங்க்கா," என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. உண்மையிலேயே அவன் ஒன்றைக்கூட விடவில்லை.

எதற்கும் பளிங்கியை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கருவாயி கிளம்பினாள். அவள் கெட்ட நேரம், அன்றைக்குப் பார்த்துக் கொட்டகையிலிருந்து எதையோ கேட்டுவிட்டார்கள். பாலம் முழுக்கச் சுமைக்காரர்கள். போகும்போது எப்படியோ நுழைந்து போய்விட்டாள். பளிங்கி பொழுதைச் சொன்னாள். திரும்பும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூட்டைகள், நடுவில் இவள். ஒருவழியாய் வந்து சேர்ந்து துடியனிடம் மணி கேட்டாள். பளிங்கி சொன்னதைவிட அவன் சொன்னது முன்னால் இருந்தது.

இருக்காதா பின்னே? கையில் கொண்டுவந்த பொழுது பாலத்திலேயே பழசாகிவிட்டது. வழியில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று அவள் யோசிக்கவே இல்லை. ஊரையே கட்டி மேய்க்கிறவளுக்கு இது தோன்றாமல் போனதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

"பளிங்கிதான் பின்னால நிக்கறா," என்றாள் கருவாயி. "வயசானா கல்லுக்கும் தளர்ச்சி வரும் போல. இனிமே அவகிட்ட யாரும் பொழுது கேக்க வேண்டாம்."

பளிங்கிக்கு இந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. மடியில் கல் நடுங்கிக்கொண்டிருந்தது, அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மழை விடவில்லை. மேடு அசந்து அசந்து விழித்தது. ஊர் முழுக்க ஒரு மந்தமான சுகம், தூறலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வருமே, அது. துடியன் பாட்டுப் பாடுகிற மாதிரி எண்ணிக்கொண்டிருந்தான். முதலில் வைத்த தட்டுக்குக் குஞ்சு பொரிய இன்னும் நாள் இருக்கிறது என்றான். பொரிய நெருங்கும் கடைசி நாட்களில் தட்டைச் சாய்க்கவே கூடாது, சமமாக விட்டுவிட வேண்டும். அப்போதுதான் குஞ்சு தலையைத் திருப்பி, ஓட்டை உடைக்கத் தோதாய் உட்காரும். நாள் இருக்கிறதே என்று கருவாயி துயிலியைத் தவறாமல் எழுப்பிச் சாய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படி எழுந்த ஒரு பகலில் துயிலி தட்டில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நான் சாய்க்கலீங்க்கா. நீங்க சொல்லியும் சாய்க்கல. உள்ள இருந்து கொத்துது."

கருவாயி போய்க் காது வைத்தாள். டொக், டொக் என்று ஒரு சின்னச் சத்தம். உள்ளே இருக்கிற குஞ்சுக்கு எந்தக் கடிகாரத்தையும் தெரியாது. யார் சொல்லியும் அது கொத்தவில்லை. அதற்கான பொழுது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கருவாயி தட்டு அடுக்கை நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தட்டை நிறுத்தியாகிவிட்டது. மற்றத் தட்டுகள்? ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் வைத்தது. எதைச் சாய்க்க, எதை நிறுத்த? சரியான பொழுது தெரியாமல் எதைத் தொட்டாலும் உயிர் போகும்.

"என்கூட வா," என்று துடியன் கையைப் பிடித்தாள்.

இந்தத் தடவை பாலத்தில் நாலைந்து பேர்தான். அவர்கள் இறங்கட்டும் என்று ஓரமாய் நின்றார்கள். மழைக்காற்று முகத்தில் பட்டது. அவர்கள் இறங்கினார்கள், இவர்கள் ஏறினார்கள், பளிங்கி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"நேரா வந்துட்டேன் பளிங்கி, எங்கயும் நிக்கல," என்றாள் கருவாயி.

பளிங்கி நிமிர்ந்து பார்த்தாள். "நின்னியே."

"ஆள் எறங்கற வரைக்கும் நின்னேன். அது ஒரு நிற்பா?"

"அவங்க எறங்கிப் போயி நேரம் ஆச்சு. நீங்க ரெண்டு பேரும் அதே எடத்துல நின்னீங்க. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. இவன் வாய்கூட எதையோ சொல்ல வந்து பாதியில நின்னுது. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"நான் தூங்கறவளா பளிங்கி?"

"தெனமும் தூங்கற. சொன்னா நம்புவியோ என்னமோன்னு சொல்லல."

கருவாயி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தூங்காதவள் என்று ஊர் சொன்னதை நினைத்தாள். எத்தனை மத்தியானங்கள் இப்படி அவளுக்குத் தெரியாமல் போயிருக்கும்? ஒரு நினைவுக்கும் அடுத்த நினைவுக்கும் நடுவே எவ்வளவு மழை பெய்து தீர்ந்ததோ. துடியனும் பக்கத்தில் நின்றான். மேடு துடித்தால்தானே அவன் எண்ணுவான்? மேடு நின்றபோதெல்லாம் அவனும் நின்றான். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். அவன் எண்ணிக்கையில் குற்றமே இல்லை, அதனால்தான் குற்றம் கண்ணில் படவில்லை.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. "போன தடவ எங்க தப்புனேன்னு இப்பத்தான் புரியுது," என்றாள் கருவாயி. "உன்னைக் கேட்டுட்டு நடந்து போயி அவனைக் கேட்டேன். நடந்த நேரத்தைக் கணக்குல சேக்கல."

அங்கேயே ஒரு சோதனை வைத்தாள். முதலில் பளிங்கியைக் கேட்டாள். உடனே துடியனைக் கேட்டாள். மறுபடியும் பளிங்கியைக் கேட்டாள். பளிங்கி சொன்ன இரண்டும் நெருக்கமாய் இருந்தால் நடுவில் யாரும் அசரவில்லை என்று பொருள், துடியன் சொன்னதை நம்பி ஒப்பிடலாம். இரண்டும் எட்ட நின்றால் அந்தச் சோதனையே செல்லாது, திரும்பக் கேட்க வேண்டும். ஒரு தடவை செல்லாமல் போனது. அடுத்த தடவை பளிங்கியின் இரண்டு பதிலும் ஒட்டி நின்றன, துடியன் மட்டும் எங்கோ பின்னால் நின்றான்.

"துடியா, மணையை உட்டு எறங்கு," என்றாள் கருவாயி.

அவன் சரி என்று இறங்கிக்கொண்டான்.

பளிங்கி வீட்டை விட்டு நகரவில்லை, மணைதான் அவள் வாசலுக்குப் போனது. அவளை எதிர்த்து வாயாடியவர்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் மணி கேட்கப் பாலம் தாண்ட வேண்டியிருந்தது, ஊர் வேலையெல்லாம் இழுத்துக்கொண்டு போனது. கருவாயி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எந்தத் தட்டை நிறுத்த வேண்டுமோ அது நின்றது, எதைச் சாய்க்க வேண்டுமோ அது சாய்ந்தது. தட்டுகள் ஒவ்வொன்றாய்ப் பொரிந்தன, மழை வெறித்து வெயில் வந்த ஒரு காலையில் கொட்டகை முழுக்கக் கீச்கீச் என்று சத்தம். துயிலிக்குக் கனவா நனவா என்று தெரியவில்லை. ஈரம் காயாத மஞ்சள் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன.

மேல்தட்டு மூலையில் ஒரு வரிசை மட்டும் திறக்கவில்லை.

துயிலி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். துடியன் வந்து அந்த முட்டைகளில் ஒன்றின்மேல் காது வைத்துக் கேட்டான். நெடுநேரம் கேட்டான்.

"இதுக்குள்ளயும் துடிப்பு இருந்துச்சுங்களா அக்கா?"

"இருந்துச்சு," என்றாள் கருவாயி.

அவன் தலையை எடுக்கவில்லை. "நான் நின்னா எனக்குத் தெரிய மாட்டேங்குது. என்னை மறுபடி மணையில வெக்கறதா இருந்தா ஒரு ஆளைக் காவலுக்குப் போடுங்க. நான் சொல்றதை நம்பாதீங்க. நான் சத்தியம் பண்ணினாலும் நம்பாதீங்க."

"உனக்கு மட்டுமா தெரியல? எனக்கும்தான் தெரியல," என்றாள் கருவாயி. அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அப்புறம் எவ்வளவோ காலம் ஓடிவிட்டது. துடியன் வழியில் வந்தவர்களுக்கு இப்போதெல்லாம் மேடு அசந்தாலும் எண்ணிக்கை நிற்பதில்லையாம், ஒரே சீராய் ஓடுமாம். அவர்கள் கேட்டதும் பதில் சொல்கிறார்கள், ஊரும் சுறுசுறுப்பாய் நடக்கிறது. ஆனாலும் அந்த மழைக்காலத்துக்குப் பிறகுதான், எந்தக் கணிப்பொறி கண்விழித்தாலும், வேகமாய் எண்ணுகிறவனை மணையில் உட்கார வைத்துவிட்டு, எட்ட இருக்கிற பளிங்கியிடம் முன்னும் பின்னும் கேட்டு அவனைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறாள் கருவாயி; கொஞ்சம் தவறினாலும், பேசாமல் எழுந்து பளிங்கிக்கு இடம் விடுகிறான் அவன்.