சிவக்கொழுந்து ஊதின ஒத்து

ஒரு ஊர்ல ஒரு பெரிய ஏரி. ஏரிக்கரைக் கோயில்ல சிவக்கொழுந்துன்னு ஒருத்தர் ஒத்து ஊதிக்கிட்டிருந்தார். ஒத்துன்னா பார்க்க நாகஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனா பாட்டு வராது. பூம்ம்ம்ம்னு ஒரே சுரம். அதைப் பிடிச்சுக்கிட்டுதான் நாகஸ்வரக்காரர் ராகம் வாசிப்பார். ம் கொட்டுடி.

"ம்."

கன்னத்துல காத்தை அடைச்சு வெச்சுக்கிட்டு, மூக்கால மூச்சிழுத்து, நடுவுல அறுந்துபோகாம ஊதணும். லேசுப்பட்ட வேலையா? ஆனா ஊர்க்காரங்க நாகஸ்வரம் பக்கிரிசாமிக்குப் பட்டுச் சால்வை போடுவாங்க, தவில்காரருக்கு மாலை போடுவாங்க, சிவக்கொழுந்தைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டாங்க. "யோவ் ஒத்து, கொஞ்சம் தள்ளி நில்லு"ம்பாங்க. அவருக்குச் சுருக்குனு தைக்கும். யாராவது ஒரு தடவை பேர் சொல்ல மாட்டாங்களான்னு ஏங்குவார், பாவம்.

அப்புறம் தெப்பத் திருவிழா வந்துது. சாமி தெப்பத்துல ஏறி ஏரியைச் சுத்தப் புறப்பட்டார். விளக்குக்கு எண்ணெய் ஊத்த சிவக்கொழுந்தோட பெண்டாட்டி தையல்நாயகியும் கூடப் போனா. மேளக்காரங்க படித்துறையில நின்னாங்க. தெப்பம் நடு ஏரிக்குப் போச்சோ இல்லையோ, வானம் கறுத்து, டமடமன்னு இடி, சோன்னு மழை. விளக்கெல்லாம் அணைஞ்சு போச்சு. கரை எந்தப் பக்கம்னு தெரியலை. ஏரி நிரம்பி, கலிங்கு வழியா தண்ணி தடதடன்னு பள்ளத்துல விழுது. தெப்பம் அங்கே போச்சுன்னா அவ்வளவுதான்.

"அப்புறம்?"

அப்போ பக்கிரிசாமி நாகஸ்வரத்தை எடுத்து வாசிச்சார், சத்தத்தைக் கேட்டு வரட்டும்னு. ஆனா அவர் மூச்சு வாங்க நிறுத்துற நேரமெல்லாம் எதிர்மலையிலேருந்து எதிரொலி கேட்டுது. தெப்பம் மலைப் பக்கம் திரும்பிடுச்சு. அப்புறம் தவில்காரர் அடிச்சார். இடி எது, தவில் எதுன்னு புரியலை. அப்போ யாரும் கூப்பிடாமலே சிவக்கொழுந்து முன்னால வந்து ஒத்தை வாயில வெச்சார்.

பூம்ம்ம்ம்ம்ம்...

நிறுத்தவே இல்லை. எதிரொலி கேக்குறதுக்கு இடமே விடலை. தெப்பத்துல தையல்நாயகி எழுந்து நின்னா. "அது எங்க வீட்டுக்காரர் மூச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டே வாங்க"ன்னா. தளக், தளக்னு துடுப்புப் போட்டாங்க. இங்கே சிவக்கொழுந்துக்குக் கன்னம் ரெண்டும் தீயா எரியுது, உதட்டுல ரத்தம். கண்ணை மூடிக்கிட்டு, அவளை நினைச்சுக்கிட்டு ஊதுறார். ம்?

"ம்..."

தட்! தெப்பம் படியில முட்டிச்சு. அதுக்கப்புறமும் அவர் நிறுத்தலை. தையல்நாயகி வந்து கன்னத்துல கை வெச்சு, "போதும், வந்துட்டோம்"ன்ன பிறகுதான் ஒத்தை எடுத்தார். ஒரு மனுஷன் மூச்சுல ஒரு தெப்பமே கரைக்கு வந்திருக்கே!

பக்கிரிசாமி தன் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தி, "சிவக்கொழுந்து"ன்னு கூப்பிட்டார். அப்புறம் ஊர் மொத்தமும் அந்தப் பேரைச் சொல்லிச்சு. கேட்டுக்கிட்டே அவர் குழந்தை மாதிரி அழுதார்.

அதுலேருந்து அந்த ஊர்ல ஒத்துச் சத்தம் கேட்டாத்தான் சாமி வாசப்படி தாண்டும்.

நீ இவ்வளவு நேரம் ம் கொட்டினியே, அதுதான்டி எனக்கு ஒத்து. கதை கரையேறிடுச்சு, கண்ணை மூடு தங்கம்.

"ம்ம்ம்ம்..."